எட்டாவது பொட்டலம்

மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த போர்வையை மடிக்க இன்னொரு ஆள் வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணி. படியிறங்கப் போன மகாராஜனைத் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டு முனை அவன் கையில், இரண்டு முனை என் கையில். உதறி, நீவி, பாதியாக்கி, அதையும் பாதியாக்கி அவன் முனைகளை என் கையில் தந்தான். தந்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

“என்னக்கா, மேகம் போட்டிருக்கா? ஒரே மங்கலா இருக்கு.”

பங்குனி வெயில். தரை காலைச் சுட்டுக்கொண்டிருந்தது.

“கண்ணாடியத் தொடச்சுப் போடுலே” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனான். நான் போர்வையை அலமாரியில் வைத்தேன். பதினோரு மணிக்கு போன் வந்தது. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

என் தம்பிக்கு அப்போது முப்பது வயது. எனக்கு நாற்பத்தொன்று. பெயர் முத்துமாரியம்மாள், சங்கரன்கோவிலில் கிளை நூலகத்தில் வேலை. அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் திருச்சியில் வேதியியல் படித்து ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவன். ஊருக்குத் திரும்பி, ராஜபாளையம் ரோட்டில் ஒரு பழைய பருத்திக் கிடங்கில் ஓர் அறையை எடுத்து, பூச்சி மருந்து கலந்த தண்ணீரைச் சுத்தமாக்க ஒரு பொடி செய்துகொண்டிருந்தான். அந்த அறையில்தான் விழுந்து கிடந்தான். சுற்றிலும் விஷ டப்பாக்கள். உடம்பிலும் அதே விஷம். படித்த பையன், நிலையான வேலை இல்லை, கல்யாணம் ஆகவில்லை. தற்கொலை என்று போலீஸ் முடித்துக்கொள்ள இவ்வளவு போதுமாக இருந்தது.

ஐந்து வாரம் கழித்துத்தான் நான் துப்பறிவாளர் ஜெய்னப்பைத் தேடிப் போனேன். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர் அலுவலகம். பதினெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவர். பரீட்சையில் பிட் அடிக்கிறவர்களைப் பிடித்துப் பிடித்துத்தான் இந்தத் தொழில் கைவந்தது என்பார். அவருக்கு ஓர் உதவியாளன். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் யோசிக்கும்போது குறுக்கே பேசுவது, மூன்றும் அவன் வேலை. பெயர் இசக்கித்துரை.

மறுநாள் காலை ஏழரைக்கு இரண்டு பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள்.

“காப்பி குடிக்கீங்களா?” என்றேன்.

“மேடத்துக்குக் குடுங்க. எனக்கு வேண்டாம், இன்னைக்கு வெரதம்” என்றான் இசக்கித்துரை. “கோயில்ல நேர்ச்ச இருக்கு. கும்புட்டுட்டுத்தான் பச்சத்தண்ணியே.”

“என்ன நேர்ச்சலே?” என்றார் ஜெய்னப்.

“ஒங்க வாயில இருந்து ஒரு நாளாவது ‘நல்லாச் செஞ்ச’ன்னு வரணும்னு.”

ஜெய்னப் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். “மாரி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன வேணும்? ஆளு கெடைக்கணுமா, அவனுக்குத் தண்டன கெடைக்கணுமா?”

“அந்தச் சொல்லு போகணும்” என்றேன். “தற்கொலைங்கிற சொல்லு. அவன் அப்படிச் சாகல.”

“சரி. கடைசி மூணு நாளு. வரிசையாச் சொல்லுங்க. சின்ன விசயம்னு எதையும் விடாதிய.”

சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் மூக்கு ஒழுகியது, கண்ணில் தண்ணீர் வடிந்தது. ஜலதோஷம் என்று மாத்திரை போட்டான். ஞாயிற்றுக்கிழமை வேர்த்துக்கொட்டியது. அன்று சாயங்காலம் கூடத்து டியூப்லைட் மங்கலாக எரிகிறது என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினான். எனக்குப் பழையது நன்றாகத்தான் எரிவதாகத் தெரிந்தது. திங்கட்கிழமை காலை போர்வை, மேகம்.

ஜெய்னப் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

“மேகத்த பத்தி ஸ்டேஷன்ல சொன்னியளா?”

“சொன்னேன். எழுதிக்கிடல.”

“இந்த மருந்து ஒடம்புல ஏறுனா கண்ணு பாப்பா குண்டூசித் தல மாதிரிச் சுருங்கிரும். வெளிச்சம் உள்ள போக வழி இருக்காது. மூக்கு ஒழுகும், கண்ணு வடியும், வேர்க்கும். ஜலதோசம்னுதான் யாரும் நெனைப்பாங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒங்க தம்பிக்கு சனிக்கெழமையே விசம் ஏறியிருக்கு. மூணு நாளாக் கொஞ்சங் கொஞ்சமா.”

“சாகப் போறவன் தவண மொறையிலயா குடிப்பான்?” என்றான் இசக்கித்துரை. “அதுவும் மொத நா டியூப்லைட்ட மாத்திட்டு? டியூப்லைட்டு மாத்துனவன் ஒரு வருசமாவது இருந்து வெளிச்சத்தப் பாக்கணும்னு நெனைப்பான் மேடம்.”

“இது ஒனக்கே தோணுச்சாலே?”

“வெரதத்துல மூள நல்லா வேல செய்யிது.”

எனக்கு மூச்சு லேசாக வந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவை. அந்தச் சொல் போய்விடும் என்று நினைத்தேன். அது போனால் அதன் இடத்தில் வேறு என்ன வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை.

“அப்ப யாரோ குடுத்திருக்கான்” என்றார் ஜெய்னப். “அந்த மூணு நாளும் தம்பி என்னென்ன சாப்பிட்டான்?”

நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்குப் பட்டியல் கைப்பழக்கம். சனிக்கிழமை காலை மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி. மத்தியானம் சோறு, சொதி, அவரைக்காய். ராத்திரி தோசை. ஞாயிறு காலை உப்புமா. மத்தியானம் புளிக்குழம்பு. ராத்திரி பாலும் பழமும். திங்கட்கிழமை காலை இரண்டே இட்லி, பாதிக் காப்பி. எல்லாவற்றையும் நானும் சாப்பிட்டேன். வெளியே அவன் டீ கூடக் குடிக்க மாட்டான்.

“மாத்திரை?”

“வீட்டுல இருந்த அட்டைதான். எனக்கும் அதுதான் போடுதது.”

“வேற ஒண்ணும் வாயில படலயா? வெத்தல பாக்கு, மிட்டாய்?”

“ஒண்ணும் இல்ல.”

இதைச் சொன்னபோது நான் எதையும் மறைக்கவில்லை. இன்றுவரை அதுதான் எனக்கு ஆச்சரியம்.

எட்டரைக்குப் பருத்திக் கிடங்குக்குப் போனோம். அவன் அறையில் ஒரு மேஜை, கண்ணாடிப் பாத்திரங்கள், பழைய மிக்ஸி, சல்லடைகள், மூலையில் ஒரு தகரப் பெட்டி. அலமாரியில் மூடி போட்ட இரண்டு பெரிய பாட்டில்கள். இரண்டிலும் ஒரே மாதிரிச் செம்மண் நிறப் பொடி. ஒன்றில் ‘முறி’ என்றும் மற்றதில் ‘பிடி’ என்றும் மகாராஜன் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. நோட்டு மேஜை டிராயரில் இருந்தது. ஜெய்னப் நின்றுகொண்டே படித்தார். இருபது நிமிடம் அவர் தலை நிமிரவில்லை.

“இது என்ன பொடி மேடம்? முறுக்குச் சுடலாமா?” என்றான் இசக்கித்துரை.

“நாக்க நீட்டாத. மாரி, தம்பி இதப் பத்தி ஒங்கள்ட்ட பேசுவானா?”

பேசுவான். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் பேசுவதும் நான் கேட்பதும் வழக்கம். எனக்குப் புரிந்ததை அவன் சொன்ன மாதிரியே சொன்னேன்.

நம் உடம்பில் ஒன்றைப் பிடித்து உடைக்கிற சின்னஞ்சிறு வேலையாட்கள் உண்டு, நொதி என்று பெயர். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குள் போய் உட்கார்கிற பொருளை அது உடைக்கும். மகாராஜன் அதைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். ஒரு பொருளைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒன்றை இறுக விட்டு, பிறகு அந்தப் பொருளை மட்டும் கழுவி எடுத்துவிட்டால் பிசினில் அதன் வடிவத்தில் ஒரு பள்ளம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம். ஒரு சிட்டிகைப் பொடியில் கோடிக்கணக்கில்.

“திருடன் சோப்புல சாவிய அமுக்கி அச்சு எடுக்கத மாதிரி” என்றான் இசக்கித்துரை.

“அதேதான்” என்றேன். “ஆனா மொதல்ல அவனுக்கு ஒரு தப்பு நடந்துட்டு. வெசத்தையே வச்சு அச்சு எடுத்துட்டான். அந்தப் பள்ளத்துல வெசம் வந்து அழகா உக்காந்துக்கிட்டு. ஒடையல.”

“ஏன் ஒடையல?”

“அவன் குச்சிய வச்சுச் சொல்லுவான். நேரா இருக்க குச்சிக்கு அச்சு எடுத்தா, குச்சி அதுல போயிப் படுத்துக்கிடும். ஒடியப் போற நேரத்துல வளைஞ்சு நிக்கும்லா, அந்த நெலமைக்கு அச்சு எடுத்தா, உள்ள வார குச்சிய எல்லாம் அது வளைக்கும். வளைச்சா ஒடியும். ஆனா ஒடியுத நேரத்துல ஒண்ணப் பிடிச்சு நிறுத்த முடியாது. அதனால பொறப்புலயே அப்படி வளைஞ்ச மாதிரி இருக்க வேற ஒரு பொருளத் தேடிப் பிடிச்சு, அத வச்சு அச்சு எடுத்தான். அதுக்கு ஒரு வருசம் ஆச்சு.”

“அப்ப ‘பிடி’ன்னா மொதத் தப்பு. ‘முறி’ன்னா சரியா வந்தது” என்றார் ஜெய்னப். “ஏன் ரெண்டும் மண்ணு மாதிரி இருக்கு?”

“மண்ணுதான். சலிச்ச மண்ணு மேல பூச்சு மாதிரிப் பிசினப் பூசியிருக்கான். குருவிகுளம் பக்கத்துக் காட்டுல கரையான் புத்து நெறைய. மாவு மாதிரி நைசா இருக்கும்னு அதைத்தான் எடுத்துட்டு வருவான்.”

ஜெய்னப் நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். அவன் எழுத்து நிதானமாக இருந்தது.

‘பிடிப் பொடியை வீணாக்க வேண்டாம். டப்பாக்களில் உள்ள பழைய மருந்தை இதில் ஏற்றி வைத்தேன். பிடித்து வைத்திருக்கிற வரை வாடைகூட இல்லை. வினிகர் போன்ற புளிப்பு பட்டால் முழுவதும் விட்டுவிடும். எட்டுப் பொட்டலம். முறிப் பொடி போதுமான அளவு ஆனதும் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். சமையல் சோடா சேர்க்க. தண்ணீர் மஞ்சளானால் உடைந்தது என்று பொருள்.’

இசக்கித்துரை கையுறை போட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தான். செய்தித்தாளைக் கிழித்து மடித்த பொட்டலங்கள். எண்ணினான். கையுறையைச் சரிசெய்துகொண்டு திரும்ப எண்ணினான்.

“ஏழு” என்றான். “எனக்குக் கணக்கு வராது, நீங்களே ஒரு தடவ எண்ணிருங்க மேடம்.”

ஏழுதான்.

“புளிப்பு பட்டா விட்டுரும்” என்றார் ஜெய்னப் மெதுவாக. “மனுசன் வயித்துல இருக்கது புளிப்புதான. அந்த எட்டாவது பொட்டலத்த எவனோ எடுத்து மூணு நாளு குடுத்திருக்கான். அது எங்கன போச்சுன்னு தெரிஞ்சா முடிஞ்சிது.”

நோட்டில் இன்னொரு பெயர் அடிக்கடி வந்தது. ‘சௌ. அண்ணாச்சி – மூன்று டப்பா.’ ‘சௌ. அண்ணாச்சி – ஐந்து டப்பா.’ சிவகிரியில் உர மருந்துக் கடை வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன். மகாராஜன் யாரென்றே தெரியாது என்று அவர் போலீஸில் சொல்லியிருந்தார்.

“ஆளு சிக்கிட்டாரு” என்றான் இசக்கித்துரை. “வெசம் விக்கவருக்கு வெசத்த ஒடைக்கவன் மேல என்ன பாசம் இருக்கும்?”

சிவகிரி போய்ச் சேரும்போது பத்தரை. கடையில் ஒரே ஓர் ஆள் தெளிப்பான் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை இசக்கித்துரை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து விலைப்பட்டியல் படித்தான். சௌந்தரபாண்டியனுக்கு அறுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“தெரியாத பையனோட அக்கா வந்தா எந்திரிச்சு நிப்பியளா அண்ணாச்சி?” என்றார் ஜெய்னப்.

அவர் மேஜையில் கிடந்த பில் புத்தகத்தை மூடினார்.

“நோட்டுல ஒங்க பேரு பதினாலு எடத்துல இருக்கு.”

“இவரு பேர அவ்வளவு தடவ இவரு வீட்டம்மாகூடச் சொல்லிருக்க மாட்டாவ” என்றான் இசக்கித்துரை.

சௌந்தரபாண்டியன் கடையின் பாதி ஷட்டரை இழுத்துவிட்டார். நாற்காலி எடுத்து எனக்குப் போட்டார். அவர் நின்றுகொண்டே பேசினார்.

“தாயி, நான் பொய்தான் சொன்னேன். என் கிட்டங்கியில பழைய மருந்து நாப்பது டப்பா கெடந்துது. இப்ப விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடுத்த மருந்து. ஓடையில கொட்டிருன்னு நாலு பேரு சொன்னாவ. மனசு வரல. ஆடு மாடு குடிக்கித தண்ணி. தம்பி வந்து, என்கிட்ட குடுங்க அண்ணாச்சி, நான் ஒடைச்சுத் தாரேன்னு சொன்னான். குடுத்தேன். அவன் செத்ததும் பயந்துட்டேன். தடுத்த மருந்த வச்சிருந்ததுக்கே உள்ள போடுவாங்க.”

“கடைசியா எப்பப் பாத்திய?” என்றார் ஜெய்னப்.

“வியாழக்கெழம இங்கன வந்தான். ஒரு பொட்டலத்த எடுத்துக் காட்டுனான். ‘ஒங்க டப்பா ஒண்ணுல பாதி இதுக்குள்ள இருக்கு அண்ணாச்சி, மோந்து பாருங்க’ன்னான். வாடையே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அம்புட்டு வெசத்த ஒரு பிடி மண்ணுல அடைச்சு வச்சிருக்கான்.” துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவன நான் என்ன செய்யப் போறேன் தாயி? இன்னும் இருவத்தாறு டப்பா இருக்கு. இனி யாருகிட்ட குடுப்பேன்?”

“பொட்டலம்?”

“சட்டப்பையில போட்டுக்கிட்டுப் பஸ் ஏறிட்டான்.”

அதுவரை எல்லாத் துப்புகளும் அவரை நோக்கியே வந்தன. அவர் அழுதபோது அவை அவரைத் தாண்டிப் போய்விட்டன.

காரில் ஊருக்குத் திரும்பினோம். இசக்கித்துரைதான் பேச்சை ஆரம்பித்தான்.

“பஸ்ல எவனாவது பையில கை விட்டிருப்பான் மேடம். பாவம், திருடுனவன் எந்த ஆஸ்பத்திரியில கெடக்கானோ.”

“தம்பி ஒடம்புக்குள்ள வெசம் போனது மூணு நாளு. பஸ்ல திருடுனவன் வீட்டுக்கு வந்து ஊட்டுவானாலே?”

“பொறுப்பான திருடனா இருந்தா?”

“வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கருகிய பருத்திக்காடு போய்க்கொண்டே இருந்தது.

ஊருக்குள் வரும்போது பன்னிரண்டு. நடை சாத்துவதற்குள் நேர்ச்சையை முடித்துவிட்டு வருகிறேன் என்று இசக்கித்துரை ரத வீதியில் காரை நிறுத்திவிட்டு ஓடினான். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். நெற்றியில் திருநீறு, அதற்குக் கீழே ஈரமான புற்றுமண் பொட்டு. உள்ளங்கையில் மிச்சமிருந்ததை வாயில் போட்டுக்கொண்டே கதவைத் திறந்தான்.

“சாமி கும்புட்டாச்சு. சாப்பிடப் போவோமா மேடம்? காலையில இருந்து ஒண்ணும் வாயில படல.”

ஜெய்னப் அவனைப் பார்த்தார்.

“இப்ப வாயில என்னலே போட்ட?”

“இதுவா? புத்துமண்ணு.”

“சாப்பிட்டியே.”

“புத்துமண்ணு சாப்பாடா மேடம்? நல்லாக் கேட்டிய போங்க. இது பிரசாதம். மேலுக்குச் சொகமில்லாட்டி பூசுவோம், வாயில ஒரு சிட்டிக போடுவோம், தண்ணியில கலக்கிக் குடிப்போம். சாப்பாட்டுக் கணக்குல எவனாவது சேப்பானா?”

ஜெய்னப் மெல்லத் திரும்பினார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பதினெட்டு வருடம் டீச்சராக இருந்தவரின் முகம். விடை தெரிந்துவிட்டது, ஆனால் பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிற முகம். அதில் ஒரு கெஞ்சலும் இருந்தது. இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று.

“மாரி. தம்பிக்கு ஒடம்புல ஏதாவது இருந்துதா? சொறி, தடிப்பு மாதிரி?”

“கையில இருந்துது. கையுறை போட்டுப் போட்டுத் தடிச்சிருந்துது.”

“அதுக்கு?”

“புத்துமண்ணு பூசினேன்” என்றேன். “தண்ணியில ஒரு ஸ்பூன் கலக்கிக் குடுத்தேன். சனிக்கெழம காலம்பற. ஜலதோசம் வந்துதுல்லா, ஞாயித்துக்கெழம ரெண்டு ஸ்பூனாக் குடுத்தேன். திங்கக்கெழமயும்.”

“அந்த மண்ணு கோயில்ல நீங்க வாங்குனதா?”

வெள்ளிக்கிழமை காலை துணி ஊறவைக்கும்போது அவன் சட்டைப்பையைப் பார்த்தேன். ஒரு பேனா, பஸ் டிக்கெட், ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் மண். நைசான செம்மண். அவன் கோவிலுக்குப் போகிறவன் இல்லை. கை சரியாக வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் போய் வாங்கி வந்திருக்கிறான் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிரசாதத்தை அழுக்குத்துணிக்குள் போட்டிருக்கிறானே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கண்ணில் ஒற்றி, பூஜை அலமாரியில் புற்றுமண் வைக்கிற எவர்சில்வர் சம்படத்தில் கொட்டினேன். மறுநாள் தம்ளரை நீட்டியபோது அவன், “இதுல என்ன இருக்குன்னு தெரியாமக் குடிக்கக் கூடாதுக்கா” என்று கேலி செய்தான். சாமி காரியத்தில் விளையாடாதே என்று நான்தான் அதட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

இதையெல்லாம் காரில் உட்கார்ந்து எவ்வளவு சத்தமாகச் சொன்னேன், எவ்வளவு மனதுக்குள் சொன்னேன் என்று தெரியவில்லை. இசக்கித்துரை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான். 

“பாத்துருவோம்” என்றார் ஜெய்னப். “நான் நெனைக்கது தப்பா இருக்கலாம். கோயில் மண்ணும் சம்படத்துல இருந்திருக்கும்லா.”

மளிகைக்கடையில் வினிகரும் சமையல் சோடாவும் வாங்கினோம். கிடங்கில் ‘முறி’ பாட்டிலை எடுத்துக்கொண்டோம். வீட்டில் சம்படத்தைத் திறந்தபோது அடியில் ஒன்றரை ஸ்பூன் போல மிச்சம் இருந்தது. ஜெய்னப் கையுறை போட்டு அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்து, தெளிந்த நீரை மட்டும் காப்பி வடிகட்டும் துணியில் வடித்து இன்னொரு தம்ளரில் எடுத்தார். சோடா உப்பைப் போட்டதும் நுரைத்து அடங்கியது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதில் என் தம்பியின் முறிப் பொடியை இரண்டு ஸ்பூன் போட்டார்.

கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பொடி மெல்ல அடியில் படிந்தது. முதலில் ஒன்றும் இல்லை. நான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடியிலிருந்துதான் ஆரம்பித்தது. எலுமிச்சம்பழத் தோல் மாதிரி லேசான ஒரு நிறம். அரை மணி நேரத்தில் தம்ளர் முழுக்க மஞ்சள். தெளிவான, அழகான மஞ்சள்.

“வேல செய்யிது” என்றார் ஜெய்னப். வாய் தவறி வந்துவிட்டது. உடனே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அவன் செய்தது வேலை செய்தது. அதை அவன் எத்தனை நாள் சொல்லியிருக்கிறான். மஞ்சளா மாறுச்சுன்னா வெசம் செத்துருச்சுன்னு அர்த்தம்க்கா, ஒரு நா கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன். நான் நூலகத்தை விட்டு வர நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது என் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து ஜெய்னப் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இங்க பாருங்க மாரி. இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். இசக்கி பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். இந்தத் தண்ணியக் கீழ ஊத்திட்டா எட்டாவது பொட்டலம் பஸ்ஸுல காணாமப் போச்சு. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. அந்த அல்லாவுக்குத் தெரியும்.”

“ஊத்திட்டா அந்தச் சொல்லு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அது அப்படியே இருக்கும்.”

“அப்ப ஊத்த வேண்டாம்” என்றேன்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனோம். தம்ளரில் இருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடி, துணி சுற்றிக் கையில் வைத்திருந்தேன். ஏட்டு நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஜெய்னப் பொறுமையாக விளக்கினார், குச்சியும் அச்சும் பள்ளமும் எல்லாம். ஏட்டு இரண்டு தடவை தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தாயி, தம்பி போனதுல ஒங்க மனசு ஒடஞ்சு போயிருக்கு. எங்க வீட்டுலயும் இப்படித்தான். எங்க அத்த, தான் குடுத்த மோருனாலதான் மாமா செத்தாருன்னு பத்து வருசம் சொல்லிக்கிட்டே இருந்தா.”

“இது அப்படி இல்ல சார்” என்றார் ஜெய்னப். “இதுல சாட்சி இருக்கு.”

“மஞ்சத் தண்ணியா?” என்றார் அவர். குரலில் கேலி இல்லை. “ஃபைலு மேல போயாச்சு. ஆர்டிஓ கையெழுத்தும் ஆயிட்டு. எழுதிக் குடுங்க, நான் வாங்கி வைக்கேன். கூப்புட்டா வாங்க.”

எழுதிக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன், என் கையால் கலக்கிக் கொடுத்தேன் என்று நான்கு பக்கம். அவர் வாங்கி ரசீது போட்டுத் தந்தார். பாட்டிலை வாங்கிக்கொள்ளவில்லை. என்னைக் கைது செய்ய வேண்டியிருக்குமோ என்று ஜெய்னப் வக்கீல் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார். யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

கிளம்பும்போது, அந்த ஃபைலின் நகலையாவது பார்க்கலாமா என்று கேட்டேன். என் தம்பியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான் அதுவரை படித்ததில்லை. ஏட்டு யோசித்துவிட்டு எடுத்து வந்து மேஜை மேல் வைத்தார். ஒரே பக்கம்தான். பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. காரணம் என்ற இடத்தில் ஒரு வரி இருந்தது. தீராத வயிற்று வலியால் மனமுடைந்து பூச்சி மருந்து அருந்தி.

கூப்பிடுவார்கள் என்று பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறேன். மூன்று மனு அனுப்பியாகிவிட்டது. அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

மகாராஜனுக்கு வயிற்று வலி வந்ததே கிடையாது.